அப்சரஸ்: தண்ணீரிலிருந்து வானுலகம் சென்ற ஒரு சொல்

அப்சரஸ் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்திரசபைதான். ரம்பை, ஊர்வசி, மேனகை, திலோத்தமை என்று வரிசையாகச் சொல்லப்படும் பெயர்களும், முனிவர்களின் தவத்தைக் கலைக்க அனுப்பப்படும் ஆடல் மகளிரின் கதைகளும், அழகான பெண்ணைத் 'தேவலோகத்து ரம்பை' என்று சொல்லும் பேச்சு வழக்கும் அந்தச் சித்திரத்தை நம் மனத்தில் ஊன்றிவிட்டன. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் தேவலோகமும் இல்லை, நடனமும் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. மிகப் பழைய வடமொழி நூல்களில் அப்சரஸ்கள் நீரோடு சேர்ந்த பெண்களாகவே தோன்றுகிறார்கள். அவர்கள் எவ்வாறு வானுலகத்து நடன மங்கையர் ஆனார்கள், ஆன பிறகும் அவர்களுடைய கதைகளில் தண்ணீர் எங்கெல்லாம் தங்கிவிட்டது என்பவையே இங்கு விளக்கப்படுகின்றன.

சொல்லின் முதற்பாதியான 'அப்' என்பதற்கு வடமொழியில் நீர் என்று பொருள். இது தமிழருக்கு அயலான சொல் அன்று. ஐம்பூதங்களை பிருதிவி, அப்பு, தேயு, வாயு, ஆகாயம் என்று எண்ணும்போது நாம் சொல்லும் 'அப்பு' இதுதான். திருவானைக்காவைப் பஞ்சபூதத் தலங்களுள் அப்புத்தலம் என்று குறிப்பதும் இந்தப் பொருளிலேயே. பாரசீக மொழியில் இதற்கு உறவான சொல் 'ஆப்'. ஐந்து ஆறுகள் பாயும் நாட்டுக்குப் 'பஞ்சாப்' என்று பெயர் வந்தது அதனால்தான். பிற்பாதி 'ஸர்' என்ற வினையடியோடு தொடர்புடையது. செல்லுதல், ஓடுதல், பாய்தல் ஆகியவை அதன் பொருள்கள். ஆற்றைக் குறிக்கும் 'சரித்' என்ற சொல்லும் இந்த அடியிலிருந்து பிறந்ததுதான். எனவே அப்சரஸ் என்றால் 'நீரில் செல்பவள்', 'நீரினூடே உலவுபவள்' என்று பொருள் கொள்வது பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கமாகும்.

இந்த விளக்கம் மேலைநாட்டு மொழியியலார் புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. வேதச் சொற்களுக்குப் பொருள் கூறும் நிருக்தம் என்ற பழைய நூலை இயற்றிய யாஸ்கர், ஊர்வசியைப் பற்றிப் பேசும் இடத்தில், அப்சரஸ் என்பவள் நீரில் செல்பவள் என்று முதலில் கூறுகிறார். அதோடு நிறுத்தாமல், 'அப்ஸஸ்' என்பதற்கு உருவம் அல்லது அழகு என்ற பொருள் உண்டு என்பதையும் எடுத்துக்காட்டி, அழகிய உருவம் உடையவள் என்ற இரண்டாவது விளக்கத்துக்கும் இடம் வைக்கிறார். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பிறப்பு வழிகளை அருகருகே வைப்பது யாஸ்கரின் வழக்கம். அவற்றுள் ஒன்று மட்டுமே சரி என்று அவர் எப்போதும் வற்புறுத்துவதில்லை. நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், வேதப் பாடல்கள் இந்தப் பெண்களை எங்கே வைத்துப் பாடுகின்றன என்று பார்ப்பதுதான் நேரான வழி. அவ்வாறு பார்த்தால் நீர் என்ற பொருளே வலுப்பெறுகிறது.

மூன்றாவது விளக்கம் ஒன்று வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் வருகிறது. பாற்கடலைக் கடைந்தபோது நீரில், அதாவது 'அப்'பில், கடைதலால் உண்டான 'ரஸ'த்திலிருந்து அந்த உத்தமப் பெண்கள் எழுந்தார்கள், ஆகவே அவர்கள் அப்சரஸ்கள் எனப்பட்டார்கள் என்று விசுவாமித்திரர் இராமனுக்குச் சொல்கிறார். அவர்களின் எண்ணிக்கை 60 கோடி என்றும், தேவர்களோ தானவர்களோ அவர்களை மனைவியராக ஏற்றுக்கொள்ளவில்லை என்றும், ஏற்காத காரணத்தாலேயே அவர்கள் எல்லாருக்கும் பொதுவானவர்களாகக் கருதப்பட்டார்கள் என்றும் அந்தப் பகுதி தொடர்கிறது. இலக்கணப்படி அப் என்பதும் ரஸம் என்பதும் சேர்ந்து இந்தச் சொல் பிறக்க முடியாது. இது ஒலி ஒற்றுமையைக் கொண்டு பின்னால் புனையப்பட்ட காரணம். ஆனாலும் இதைப் புறந்தள்ள எனக்கு மனம் வருவதில்லை. சொல்லில் தண்ணீர் இருக்கிறது என்ற நினைவு இதிகாச காலத்திலும் மறையவில்லை என்பதற்கு இதுவே நல்ல சான்று. அந்த நினைவைக் காப்பதற்காகவே கதை அவர்களைக் கடலிலிருந்து பிறக்க வைக்கிறது.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு தேவை. வடமொழியில் பகுதி 'அப்சரஸ்'. பிற்காலத்தில் 'அப்சரா' என்ற வடிவமும் வழங்கியது. ஆகவே அப்சரஸ், அப்சரா என்ற இரண்டும் ஒருமையையே குறிக்கும். 'அப்சரஸ்' என்பதில் இறுதியில் நிற்கும் 'ஸ்' ஆங்கிலப் பன்மை விகுதி என்று சிலர் எண்ணிக்கொள்வது சரியன்று.

இனி வேதத்துக்கு வருவோம். ரிக் வேதத்தில் அப்சரஸ் என்ற சொல் சில இடங்களில்தான் வருகிறது. அந்த வேதத்தின் பத்துப் பகுதிகள் மண்டலங்கள் எனப்படும். ஒன்பதாம் மண்டலத்தில், வேள்வியில் படைக்கப்படும் சோமச் சாற்றைப் புகழும் ஒரு பாடல், கடலுக்குரிய அப்சரஸ்கள் உள்ளே அமர்ந்து சோமனை நோக்கிப் பாய்ந்தார்கள் என்கிறது. சோமத்தில் கலக்கும் நீரையே பெண்களாகக் கண்ட கற்பனை அது. பத்தாம் மண்டலத்தில் யமனும் அவன் உடன்பிறந்த யமியும் பேசிக்கொள்ளும் பாடலில், தங்கள் மூலத்தைக் குறிப்பிடும் யமன், நீரில் உள்ள கந்தர்வனையும் நீருக்குரிய பெண்ணையும் சுட்டுகிறான். கந்தர்வர்களை இன்று நாம் வானுலக இசைவாணர்களாக மட்டுமே அறிவோம். ஆனால் அவர்களும் ஒரு காலத்தில் நீரோடு பிணைந்தவர்களே. ஈரானியரின் அவெஸ்தா நூலில் 'கந்தரெவ' என்ற பெயருடைய ஓர் உயிர் வொருகஷ என்னும் கடலில் வாழ்கிறது என்பதை இங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஊர்வசி ஒருத்திதான் ரிக் வேதத்தில் பெயரோடும் குணத்தோடும் முழுமையாக வரும் அப்சரஸ். ஏழாம் மண்டலத்தில் வசிஷ்டர் அவளுடைய மனத்திலிருந்து பிறந்தவர் என்று சொல்லப்படுகிறது. மித்திரன், வருணன் என்ற இரு தேவர்களின் வித்து ஒரு குடத்தில் விழுந்ததும், அதிலிருந்து முனிவர் தோன்றியதும் அந்தப் பாடலின் செய்தி. வருணன் நீருக்குரிய தெய்வம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. தமிழ் மரபில் அகத்தியரைக் குடமுனி என்றும் கும்பமுனி என்றும் அழைக்கிறோமே, அந்தப் பெயருக்கு அடிப்படையான கதையும் இதுதான்.

பத்தாம் மண்டலத்தின் 95ஆம் பாடல் ஊர்வசிக்கும் அவளைப் பிரிந்த அரசன் புரூரவசுக்கும் இடையே நடக்கும் உரையாடல். 18 செய்யுள்கள் மட்டுமே கொண்ட அந்தப் பாடல் கதையைச் சொல்வதில்லை. கதை தெரிந்தவர்களுக்காகவே பாடப்பட்டது போல இருக்கிறது. அரசன் மன்றாடுகிறான், அவள் காற்றைப் போலத் தன்னைப் பிடிக்க முடியாது என்கிறாள். விழும் மின்னலைப் போல ஒளிர்ந்து, நீருக்குரிய இன்பங்களைத் தனக்குக் கொண்டுவந்தவள் என்று அவன் அவளை நினைவுகூர்கிறான். அவளுடைய தோழியரை 'ஆதி' என்னும் நீர்ப்பறவைகளுக்கு ஒப்பிடும் வரியும் அதில் உண்டு.

முழுக் கதையை, வேதச் சடங்குகளை விளக்கும் பிராமணங்கள் என்ற நூல் வகையைச் சேர்ந்த சதபத பிராமணம் சொல்கிறது. ஊர்வசி புரூரவசோடு வாழச் சம்மதிக்கும்போது சில நிபந்தனைகளை விதிக்கிறாள். அவற்றுள் ஒன்று, அவனை ஆடையின்றித் தான் ஒருபோதும் காணக்கூடாது என்பது. அவள் நெடுநாள் மனிதரிடையே தங்கிவிட்டதைக் கண்ட கந்தர்வர்கள் அவளை மீட்க ஒரு சூழ்ச்சி செய்கிறார்கள். அவளுடைய கட்டிலோடு ஓர் ஆடும் இரண்டு குட்டிகளும் கட்டப்பட்டிருந்தன. இரவில் ஒரு குட்டியைக் கவர்ந்தார்கள். பிறகு இரண்டாவதையும் கவர்ந்தார்கள். வீரனோ ஆண்மகனோ இல்லாத இடத்தில் இருப்பது போலத் தன் குட்டிகளைக் கொண்டுபோகிறார்களே என்று அவள் புலம்ப, அந்தச் சொல் தைத்துவிட்டதால் ஆடை உடுத்தும் நேரத்தையும் வீணாக்க விரும்பாமல் அரசன் அப்படியே பாய்ந்து எழுந்தான். அந்தக் கணத்தில் கந்தர்வர்கள் மின்னலை உண்டாக்கினார்கள். பகல் வெளிச்சத்தில் காண்பது போல அவள் அவனைக் கண்டாள், மறைந்தாள்.

அவளைத் தேடிக் குருக்ஷேத்திரத்தில் அலைந்த புரூரவஸ் தாமரைகள் நிறைந்த அன்யதப்பிலக்ஷை என்னும் ஏரிக்கரைக்கு வருகிறான். அங்கே அப்சரஸ்கள் நீர்ப்பறவைகளின் வடிவில் நீந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தியாக நீந்திய ஊர்வசி, தான் கூடி வாழ்ந்த மனிதன் இவன்தான் என்று தோழியருக்குக் காட்டினாள். ரிக் வேதத்தில் உவமையாக இருந்த பறவை, பிராமண நூலில் உண்மையான பறவையாகவே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். உவமை நிகழ்ச்சியாக மாறுவது புராணக் கதைகள் வளரும் முக்கியமான வழிகளுள் ஒன்று. அன்னப்பறவை வடிவில் வந்து நீராடும் பெண்ணை மனிதன் மணப்பதும், ஒரு நிபந்தனை மீறப்பட்டதும் அவள் பறந்துபோவதும் உலகின் பல நாடுகளில் வழங்கும் கதைகள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கதைகளுள் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று இதைக் கூறலாம்.

அதர்வ வேதத்தில் அப்சரஸ்களின் முகம் சற்று வேறு. அங்கே அவர்களிடம் மக்கள் அஞ்சுகிறார்கள். கடலே அவர்களின் இருப்பிடம் என்று சொல்லும் ஒரு பாடல், அவர்கள் மனத்தை மயக்குபவர்கள் என்றும் சூதாட்டக் காய்களை விரும்புபவர்கள் என்றும் சொல்லி வணங்குகிறது. மற்றொரு பாடல், அஜசிருங்கி என்னும் மூலிகையின் மணத்தால் அவர்களை விரட்டுகிறது: அவர்கள் ஆற்றுக்குத் திரும்பிப் போகட்டும், அரசும் ஆலும் ஓங்கி நிற்கும் இடத்துக்கும் அவர்களின் ஊஞ்சல்கள் ஆடும் இடத்துக்கும் போகட்டும் என்று வேண்டுகிறது. ஆற்றங்கரையிலும் பெரிய மரங்களிலும் வாழ்ந்து, தனியே வருபவரைப் பற்றிக்கொண்டு புத்தியைக் கலக்கும் பெண்ணுருக்கள் இவர்கள். காவியங்கள் காட்டும் நளினமான நடன மங்கையைவிட இந்த அப்சரஸ்தான் ஊர்ப்புறத்து நம்பிக்கைகளுக்கு நெருக்கமானவள் என்று தோன்றுகிறது.

நீரில் இருந்தவர்கள் வானத்துக்குப் போனது எப்படி? இது நாம் நினைப்பது போல ஒரு பெரிய தாவல் அன்று. வேதப் புலவர்களுக்கு நீர் என்பது ஆற்றிலும் கடலிலும் மட்டும் இருப்பதன்று; மேகத்திலும் வானத்திலும் அதே நீர்தான் இருக்கிறது. கடலைக் குறிக்கும் 'சமுத்திரம்' என்ற சொல்லையே அவர்கள் வானத்து நீர்ப்பரப்புக்கும் பயன்படுத்தினார்கள். ஆகையால், நீரில் செல்பவள் மேகத்தில் செல்பவளாகவும் இருக்க முடியும். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே ஓர் அப்சரஸ் உயர்ந்த வானத்தில் தன் காதலனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். 19ஆம் நூற்றாண்டில் வடமொழி ஆய்வாளரான தியோடர் கோல்டுஸ்டூக்கர், சூரியனால் ஈர்க்கப்பட்டு மூடுபனியாகவும் மேகமாகவும் திரளும் நீராவியே அப்சரஸ் என்று விளக்கினார். மாக்ஸ் முல்லரோ ஊர்வசியை விடியலாகவும் புரூரவசைச் சூரியனாகவும் கண்டார். அந்தக் காலத்து அறிஞர்களுக்கு எல்லாக் கதையும் வானிலைக் குறிப்பாகவே தெரிந்தது. கோல்டுஸ்டூக்கரின் விளக்கத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சூதாட்டத்தை விரும்பி, ஆலமரத்தில் ஊஞ்சலாடும் அதர்வ வேதத்து அப்சரஸை நீராவி என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இதிகாசங்களில் அவர்கள் இந்திரனின் ஆளுகைக்குள் வந்துவிடுகிறார்கள். அவனுடைய சபையில் ஆடுவதும், தவம் செய்பவரின் வலிமை பெருகும்போது அதைக் கலைப்பதும், போரில் வீழ்ந்த வீரர்களை வரவேற்பதும் அவர்களின் கடமைகள் ஆகின்றன. வீழ்ந்த வீரனை இருபுறமும் தாங்கி மேலுலகுக்குக் கொண்டுசெல்லும் பெண்களைக் கருநாடகத்து வீரக்கற்களில் இன்றும் காணலாம். இவ்வளவு மாறிய பிறகும், கதைகளைச் சற்று நிதானமாகப் படித்தால் ஏதோ ஒரு நீர்நிலை அவர்களைத் தொடர்ந்து வருவது தெரியும். மேனகை விசுவாமித்திரரின் கண்ணில் படுவது புஷ்கரத்தில் அவள் நீராட வரும்போது. மேகத்தில் மின்னலைப் போல அவள் தோன்றினாள் என்கிறது ராமாயணம். கிருதாசியைப் பரத்துவாசர் காண்பது கங்கைத் துறையில். அந்தக் காட்சியின் விளைவாகப் பிறந்தவரே துரோணர். அத்திரிகை என்னும் அப்சரஸ் சாபத்தால் யமுனையில் மீனாக வாழ்கிறாள். அவள் வயிற்றில் பிறந்த பெண்தான் மச்சகந்தி எனப்பட்ட சத்தியவதி. பாரதத்தின் அரச குலமும் அதன் கதையைச் சொன்ன வியாசரும் அந்தச் சத்தியவதியிடமிருந்து வந்தவர்கள் என்பதால், மகாபாரதமே ஓர் அப்சரஸ் மீனின் வயிற்றிலிருந்து தொடங்குகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த வகையில் இரண்டு கதைகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் வருவது. தண்டக வனத்தில் நடந்துசெல்லும் இராமனும் சீதையும் இலக்குவனும் ஓர் ஏரியை அடைகிறார்கள். அங்கே ஆள் யாரும் தென்படவில்லை, ஆனால் நீருக்குள்ளிருந்து பாட்டும் வாத்திய ஓசையும் கேட்கின்றன. உடன் வந்த முனிவர் அதன் காரணத்தை விளக்குகிறார். மாண்டகர்ணி என்ற முனிவர் நீரில் நின்று காற்றை உண்டு பல்லாயிரம் ஆண்டுகள் தவம் செய்தார். தேவர்கள் அஞ்சி ஐந்து அப்சரஸ்களை அனுப்பினார்கள். அவர் அவர்களையே மனைவியராக்கிக்கொண்டு ஏரிக்குள் மறைவாக ஒரு வீடு அமைத்து அங்கேயே வாழ்கிறார். அதனால் அந்த ஏரிக்குப் 'பஞ்சாப்சரஸ்' என்று பெயர். தவத்தைக் கலைக்க வானத்திலிருந்து வந்தவர்கள், கடைசியில் தங்கள் பழைய இருப்பிடமான நீருக்குள்ளேயே குடியேறிவிடுகிறார்கள்.

இரண்டாவது, மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் அருச்சுனன் தீர்த்த யாத்திரை செய்யும்போது நிகழ்வது. தென்கடற்கரையில் அகத்திய தீர்த்தம், சௌபத்திரம் முதலான ஐந்து தீர்த்தங்கள் இருந்தன. அவற்றில் ஐந்து முதலைகள் வாழ்ந்ததால் தவசிகள் அங்கே நீராடுவதைக் கைவிட்டிருந்தார்கள். தடுத்தவர்களின் பேச்சைக் கேளாமல் அருச்சுனன் சௌபத்திர தீர்த்தத்தில் இறங்குகிறான்; ஒரு முதலை அவன் காலைப் பற்றுகிறது; அவன் அதைக் கரைக்கு இழுத்துப் போட்டதும் அது அழகிய பெண்ணாக மாறுகிறது. அவள் பெயர் வர்கை. சௌரபேயி, சமீசி, புத்புதை, லதை என்ற நான்கு தோழியரோடு சேர்ந்து ஓர் அந்தணரின் தவத்தைக் கலைக்க முயன்றதால், நூறு ஆண்டுகள் முதலைகளாக நீரில் கிடக்கும்படி சாபம் பெற்றதாக அவள் கூறுகிறாள். மற்ற நால்வரையும் அருச்சுனன் அவ்வாறே மீட்கிறான். அந்தப் பெயர்களுள் புத்புதை என்பதற்கு நீர்க்குமிழி என்று பொருள். சாபம் அவர்களை அவர்களின் பழைய இடத்துக்கே அனுப்பியிருக்கிறது. அதர்வ வேதம் அஞ்சிய ஆபத்தான நீர்ப்பெண், காவியத்தில் முதலையின் வடிவத்தில் மீண்டும் வந்து காலைப் பிடிக்கிறாள்.

நடனத்தோடு அவர்களை இறுகப் பிணைத்தது நாட்டிய சாத்திர மரபு. பரதமுனிவரின் நூல், கைசிகீ என்னும் நளினமான நடைக்குப் பெண்கள் தேவை என்று பரதர் கேட்டபோது பிரமன் தன் மனத்தாலேயே அப்சரஸ்களைப் படைத்துக் கொடுத்ததாகத் தன் முதல் அத்தியாயத்தில் கூறுகிறது. கடலில் பிறந்தவர்கள் இங்கே மனத்தில் பிறந்தவர்களாகிவிட்டார்கள். நீரோடு இருந்த உறவு இந்த இடத்தில்தான் முழுமையாக அறுகிறது. காளிதாசரின் நாடகத்தில் ஊர்வசி மேடையில் இலக்குமியாக நடிக்கும்போது, 'புருஷோத்தமன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் தன் காதலன் பெயரான 'புரூரவஸ்' என்று சொல்லிவிட்டுச் சாபம் பெறுகிறாள்.

மேடையில் பிழை செய்து சாபம் பெறும் ஊர்வசியைத் தமிழும் நன்கு அறியும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, ஆயிரம் கண்ணோனாகிய இந்திரனின் அவையில் ஆடல் தவறிய உருப்பசி மண்ணுலகில் தங்கும்படி சபிக்கப்பட்டதையும், அவள் வழியில் வந்தவளே மாதவி என்பதையும் சொல்கிறது. அரங்கேற்று காதையும் இந்திரன் மகன் சயந்தனோடு வானவர் மகளிர் பெற்ற சாபத்தை நினைவுபடுத்தியே தொடங்குகிறது. புகார் நகரத்து ஆடற்கலையின் பெருமையை வானுலகத்தோடு இணைக்க இளங்கோவடிகள் தேர்ந்தெடுத்த வழி இது.

'உருப்பசி' என்பது ஊர்வசி என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். 'ரம்பா' என்பதில் உள்ள ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால், அரங்கன் என்பதில் போலவே முன்னால் ஓர் அகரம் சேர்ந்து 'அரம்பை' ஆயிற்று. வடமொழியில் ரம்பா என்பதற்கு வாழை என்ற பொருளும் இருப்பதால், தமிழிலும் அரம்பை என்பது வாழையையும் வானுலக மங்கையையும் குறிக்கும். கண்ணன் குழலூதும் இசையைக் கேட்டு மேனகை, திலோத்தமை, அரம்பை, உருப்பசி ஆகியோர் வெட்கி ஆடல் பாடலை நிறுத்தினார்கள் என்று பெரியாழ்வார் பாடும் இடத்தில் நால்வரின் தமிழ்ப் பெயர்களையும் ஒருங்கே காணலாம்.

இவற்றுக்கு முன்பே தமிழில் வேறொரு சொல்தொகுதி இருந்தது. மலையில் உறைபவர் வரையரமகளிர், நீரில் உறைபவர் நீரரமகளிர், அஞ்சத்தக்கவர் சூரரமகளிர். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் முருகனின் கோழிக்கொடியை வாழ்த்திச் சோலையில் ஆடுகிறார்கள். மலைபடுகடாம், வழிச்செல்லும் கூத்தர்கள் வரையரமகளிரின் இருக்கையைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கிறது. அழகும் அச்சமும் கலந்த இந்தப் பெண்கள் இந்திரசபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், இடத்தைச் சேர்ந்தவர்கள். உரையாசிரியர்களும் பிற்காலப் புலவர்களும் இவர்களைத் தெய்வப் பெண்கள் என்று பொதுவாகச் சொன்னதால் அப்சரஸ்களோடு கலந்துவிட்டார்கள். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் வணங்கப்படும் ஏழு கன்னிமாரை இந்த வரிசையில் சேர்க்கலாகாது. நீர்க்கரையில் இருப்பவர்கள் என்றாலும், கன்னிமார் பொங்கலிட்டு வழிபடப்படும் தெய்வங்கள்; அப்சரஸ்களுக்கு அத்தகைய கோயில் வழிபாடு பரவலாக ஏற்படவில்லை.

சொல் பௌத்தத்தோடும் பயணம் செய்தது. பாலி மொழியில் அது 'அச்சரா' ஆயிற்று. மணப்பெண்ணை நினைத்துத் துறவைக் கைவிட எண்ணிய தம் தம்பி நந்தனுக்குப் புத்தர் வானுலகில் புறாவின் பாதங்களைப் போன்ற சிவந்த பாதங்களையுடைய ஐந்நூறு அச்சரைகளைக் காட்டிய கதை பாலி நூல்களில் உண்டு. இலங்கையின் சிகிரியாக் குன்றில் ஐந்தாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட பெண்களின் இடைக்குக் கீழே மேகம் சூழ்ந்திருப்பதைக் கொண்டு, அவர்களை அப்சரஸ்கள் என்று கண்டவர் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதானவோ அவர்களை மேகப் பெண்களும் மின்னல் பெண்களும் என்று கருதினார். இருவரும் எதிரெதிர் நிலையில் நின்றதாகச் சொல்வார்கள். ஆனால் மின்னலாக ஒளிர்ந்த வேதகால ஊர்வசியை நினைத்தால் இரண்டு விளக்கங்களும் வெகுதூரம் விலகியவை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

கம்போடியாவில் இந்தச் சொல் ஒரு நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அங்கோர் வாட் கோயிலின் கிழக்குத் திருச்சுற்றில், ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கடைபவர்களின் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பறக்கும் சிறு உருவங்களே அப்சரஸ்கள். கோயில் சுவர்களில் அசையாமல் நிற்கும் அணிகலன் பூண்ட பெண்களையும் பயணிகள் அப்சரா என்றே அழைக்கிறார்கள். ஆய்வாளர்கள் அவர்களைத் தேவதைகள் என்று பிரித்து, ஆடும் அல்லது பறக்கும் உருவங்களுக்கு மட்டுமே அப்சரா என்ற பெயரை வழங்குகிறார்கள். அங்கு இன்று புகழ்பெற்ற அப்சரா நடனம் அரச நடனக் குழுவின் மரபிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசி கொசமக்கின் ஆதரவில் உருவானது.

இந்தியாவில் இந்தச் சொல் எதிர்பாராத ஓர் இடத்தில் மீண்டும் தண்ணீரோடு சேர்ந்தது. 1956 ஆகஸ்ட் 4 அன்று மும்பையை அடுத்த டிராம்பேயில் நாட்டின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் ஆழமான ஒரு நீர்த்தொட்டிக்குள் இருந்தது. நீருக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாக எலெக்ட்ரான்கள் பாயும்போது நீல ஒளி உண்டாகும். செரென்கோவ் கதிர்வீச்சு என்பது அதன் பெயர். அந்த ஒளியின் அழகைக் கண்டு உலைக்கு 'அப்சரா' என்று பெயரிட்டவர் ஜவாஹர்லால் நேரு. பெயரிட்டவர் வானுலக அழகையே மனத்தில் கொண்டிருக்கலாம். ஆனாலும் நீரில் உலவுபவள் என்ற மூலப் பொருள் அந்த உலைக்குத்தான் முழுமையாகப் பொருந்துகிறது. அது 2009இல் நிறுத்தப்பட்டது. அதன் மேம்படுத்தப்பட்ட வடிவமான 'அப்சரா-யு' 2018 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது.

கிரேக்கக் கதைகளைத் தமிழில் எழுதுபவர்களுக்கும் இந்த வரலாறு பயன்படும். அங்கே இயற்கையில் உறையும் தெய்வப் பெண்களைக் குறித்து வரும் 'நிம்ஃப்' என்ற சொல்லுக்கு அப்சரஸ் என்று எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் மணப்பெண் அல்லது இளம்பெண். அதில் நீர் இல்லை. நீருக்குரியவளை அவர்கள் 'நயாட்' என்பார்கள். அது பாய்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்தது. நயாட் ஊற்றிலும் ஓடையிலும் ஆற்றிலும் இருப்பவள். யாருடைய சபையிலும் ஆடுபவள் அல்லள். அவளுக்கு நீரரமகள் என்ற நம் சொல் அளவெடுத்தது போலப் பொருந்தும். மலையில் வாழும் 'ஓரியட்' என்பவளுக்கு வரையரமகள் இருக்கிறாள். அப்சரஸ் என்ற சொல்லை ஊர்வசிக்கும் அவள் தோழியருக்கும் விட்டுவிடலாம்.